சிவப்புக் கோடு போடாத பதிவேடு

அந்த வருஷம் கோடை விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்த அன்று, புது வருகைப் பதிவேடுகள் அச்சகத்திலிருந்து வந்து சேராத காரணத்தால், கோமதிநாயகம் சார் பன்னிரண்டாம் வகுப்பு 'ஆ' பிரிவின் பழைய பதிவேட்டையே கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வகுப்புக்குப் போனார், போய் மேசைமேல் விரித்து, எதிரே உட்கார்ந்திருப்பது புதுப் பிள்ளைகள் என்பதையும் மறந்து, பழகிப்போன வாயால் மார்ச் மாதத்தோடு பள்ளியை விட்டுப் போனவர்களின் பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்தார், அவர்களில் பதினொரு பேர் "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

குரல்கள் அவரவர் போன வருஷம் உட்கார்ந்த இடத்திலிருந்தே வந்தன. ஜன்னலோர மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஒரு புதுப் பையன், தன் தோளுக்கும் பக்கத்துப் பையனின் தோளுக்கும் நடுவிலிருந்து குரல் எழுந்ததைக் கேட்டு, பஸ்ஸில் புதிதாக ஏறியவருக்கு இடம் விடுவதுபோல ஒரு சாண் நகர்ந்து உட்கார்ந்தான். மற்ற பெஞ்சுகளிலும் அப்படியே நகர்ந்தார்கள். சார் முப்பத்துநாலு பெயரையும் வாசித்து முடித்து, வந்தவர்களுக்கு வந்ததாகவும் வராதவர்களுக்கு வரவில்லையென்றும் குறித்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் அறைக்கு வந்தார்.

நான் நெட்டூரணி அரசு மேல்நிலைப்பள்ளியின் கிளார்க். இருபத்தியோரு வருஷமாக டி.சி. எழுதுகிறவன். அதிசயம், அற்புதம் என்றெல்லாம் வாயைப் பிளக்கிற ஆள் நான் இல்லை, எதையும் பதிவேட்டில் பார்த்துத்தான் நம்புவேன். பார்த்தேன். வருஷக் கடைசியில் வகுப்பாசிரியர் கடைசிப் பெயருக்குக் கீழே சிவப்பு மையால் கோடு போட்டு, கையெழுத்திட்டு, பதிவேட்டை என்னிடம் ஒப்படைக்க வேண்டும் என்பது விதி. சார் விடைத்தாள் திருத்தும் முகாமுக்கு அவசரமாகப் போனதில் அந்தக் கோட்டைப் போடவில்லை, கேட்டு வாங்க வேண்டிய நானும் கேட்கவில்லை. பிறகு பீரோவைத் திறந்து, இன்னும் யாரும் வந்து வாங்காத டி.சி.க்களை எடுத்துப் பெயர் பார்த்தேன். அதே பதினொரு பேர். டி.சி. வாங்கிக்கொண்டு காலேஜுக்குப் போனவர்களில் ஒருவர்கூட வாய் திறக்கவில்லை, எங்கேயும் சேராமல் எங்கெங்கோ போனவர்கள்தான் இன்னும் இங்கே இருந்தார்கள்.

"அப்போ சரியாத்தான இருக்கு," என்றார் கோமதிநாயகம் சார். எனக்கும் அதில் தப்பாக ஒன்றும் தெரியவில்லை.

ஊர் இதை எடுத்துக்கொண்ட விதத்தைத்தான் சொல்ல வேண்டும். மறுநாள் காலை ஒன்பது இருபதுக்கே வகுப்பறை ஜன்னலுக்கு வெளியே வேப்பமரத்தடியில் ஏழெட்டுத் தாய்மார்கள் வந்து நின்றார்கள், அதற்கு மறுநாள் தகப்பன்மார்களும் வந்தார்கள், ஒரு வாரத்தில் தீப்பெட்டி ஆபீஸ் முதலாளி அந்தப் பதினொரு வீட்டுக்காரர்கள் மட்டும் பத்து மணிக்கு வேலைக்கு வந்தால் போதும் என்று சொல்லிவிட்டார், டீக்கடைக்காரர் பெயர் வாசிக்கிற நேரத்துக்கு ரேடியோவை அணைத்து வைத்தார், அந்தப் பக்கமாக வரும் மினி பஸ் ஹாரன் அடிக்காமல் போனது. பழைய பதிவேட்டை முதலில் வாசிப்பது, அதன்பின் புதியதை வாசிப்பது என்று தலைமையாசிரியை ராஜகனி டீச்சர் வழக்கம் ஏற்படுத்தினார். ஆய்வுக்கு வந்த மாவட்டக் கல்வி அதிகாரி ஒருநாள் ஜன்னலோரம் நின்று முழுவதையும் கேட்டார், முடிந்ததும், "இதைப் பத்தி எழுத்துல எதுவும் வேண்டாம்," என்று மட்டும் சொல்லிவிட்டு, ஜீப்பில் ஏறுவதற்கு முன் கைபேசியை எடுத்து யாரையோ, "சாப்பிட்டியாப்பா?" என்று கேட்டார்.

குரலோடு சேர்ந்து பிள்ளைகள் இருந்த இடமும் கொஞ்சம் வந்தது. படிக்கிற காலத்தில் தன் பெயரை முழுக்கச் சொல்லவிடாமல் "கருத்த" என்னும்போதே "உள்ளேன் ஐயா" என்று குதிக்கிற கருத்தப்பாண்டி இப்போதும் அப்படியேதான் குதித்தான், ஆனால் பின்னால் புரோட்டாக் கல்லில் கரண்டி கொத்துகிற சத்தம் கேட்டது. விமானம் ஓட்டப் போவதாகச் சொன்ன இசக்கிராஜா லாரியில் கிளீனராகப் போயிருந்தான், அவன் குரல் எந்த ஊரிலிருந்து வருகிறது என்று அவன் அப்பா காதைத் தீட்டிக்கொண்டு நிற்பார், சில நாள் மழை கேட்கும், சில நாள் இந்தி கேட்கும். வகுப்பிலேயே பெரிய தொண்டைக்காரி ஜெபக்கனி, சித்திரையில் கல்யாணம் ஆனதிலிருந்து, பக்கத்து அறையில் யாருக்கோ கேட்டுவிடக் கூடாது என்பதுபோல அடக்கிச் சொன்னாள், அதைக் கேட்டு அவள் அம்மா ஒரு பையில் துணியை எடுத்துக்கொண்டு மகள் வீட்டுக்குப் பஸ் ஏறினாள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு "சாப்பிட்டியா?", "காய்ச்சல் விட்டுட்டா?" என்று கேட்டவர்களும் உண்டு. அதற்கெல்லாம் பதில் வராது. பெயரைச் சொன்னால் உள்ளேன் என்பார்கள், அவ்வளவுதான்.

இதில் டி.சி. வாங்க யாரும் என் ஜன்னலுக்கு வராமல் போனார்கள். வாங்கினால் குரல் நின்றுவிடும் என்பது ஊருக்கே தெரிந்துவிட்டது. நானும் வாங்கச் சொல்லி யாரையும் நெருக்கவில்லை, அது என் தப்பு.

சண்முகத்தாய் தீப்பெட்டி ஆபீஸில் தீக்குச்சிகளைக் கட்டையில் அடுக்குகிறவள். புருஷன் இல்லை. ஒரே மகள் முப்பிடாதி. பரீட்சை முடிந்த பதினெட்டாம் நாள் மேற்கே ஒரு நூல் மில்லிலிருந்து வேன் வந்தது, மூன்று வருஷம் அங்கேயே விடுதியில் தங்கி வேலை பார்த்தால் கடைசியில் கையில் வரும் பணம் கல்யாணத்துக்கு ஆகும் என்று ஏஜெண்டு சொன்னான், சண்முகத்தாய் மகளை அனுப்பிவைத்தாள். பிள்ளை போக மாட்டேன் என்று அழவில்லை, அழுதிருந்தால் அனுப்பியிருக்க மாட்டேன் என்று சண்முகத்தாய் பிறகு என்னிடம் சொன்னாள். அதே வேனில் முப்பிடாதியின் பெஞ்சுத்தோழி வேல்கனியும் போனாள். வேல்கனிக்கு அம்மா இல்லை, அப்பா கேரளாவில் கிணறு வெட்டப் போய் வருஷத்துக்கு ஒருமுறை வருகிறவர், அதனால் வேப்பமரத்தடியில் வேல்கனிக்கென்று நிற்க யாரும் இல்லை.

வகுப்பின் கடைசி நாளில் என்ன ஆகப் போகிறீர்கள் என்று ஒவ்வொருவரையும் கேட்டு, பதிவேட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் எழுதி வைப்பது கோமதிநாயகம் சாரின் பழக்கம். முப்பிடாதி, "நர்ஸ் ஆவேன் சார். ஊசி போட்டதே தெரியாம போடுவேன்," என்று சொல்லிவிட்டுச் சிரித்திருக்கிறாள். எதைச் சொன்னாலும் சொல்லி முடித்தபிறகு மூக்கால் சின்னதாக ஒரு சிரிப்பு அவளுக்கு வரும், உள்ளேன் ஐயா சொன்னாலும் வரும். வேல்கனி, "அவ எங்க போறாளோ அங்க சார்," என்றிருக்கிறாள். இரண்டையும் அப்படியே எழுதியிருக்கிறார். எழுதியதோடு விடாமல், வேன் வருவதற்கு முன்பே முப்பிடாதியிடம் கையெழுத்து வாங்கி வைத்து, மார்க் வந்ததும் செவிலியர் படிப்புக்கு விண்ணப்பமும் போட்டிருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை.

ஆவணி பிறந்ததும் கடிதம் வந்தது. முப்பிடாதி தேர்வாகியிருக்கிறாள், செப்டம்பர் இருபதாம் தேதிக்குள் அசல் சான்றிதழ்களோடு திருநெல்வேலிக்கு வர வேண்டும், டி.சி. கட்டாயம். நானும் சாருமாகச் சண்முகத்தாயைக் கூப்பிட்டு வாசித்துக் காட்டினோம். அவள் சேலை முந்தானையை விரலில் சுற்றினாள்.

"டி.சி. வாங்கினா நின்னுருமே சார்."

"நின்னா என்னம்மா? பிள்ளைக்கு ஒரு வழி கிடைக்குல்லா," என்றேன்.

"ஞாயித்துக்கிழமை ரெண்டு நிமிசம் போன்ல பேச விடுதாவ. வார்டன் பக்கத்துல நிக்கா. நல்லா இருக்கேம்மா, நல்லா இருக்கேம்மாங்கா. அது பொய்யி சார். இங்க காலையில சொல்லுதா பாருங்க, அதுதான் நெசம். அதைக் கேட்டுட்டுத்தான் நான் கட்டை அடுக்கப் போறேன். அது இல்லன்னா என் கை ஓடாது." கடிதத்தை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "இன்னும் நாள் இருக்குல்லா. பாப்போம்."

எனக்குக் கோபம் வந்தது. பெற்றவளுக்கே பிள்ளையின் குரல் பெரிதா, பிள்ளை பெரிதா என்று கேட்க வாய் வரை வந்தது. ஆனால் அன்று காலையும் நான் ஜன்னலோரம் நின்று பதினொரு பேரையும் கேட்டுவிட்டுத்தான் என் நாற்காலிக்கு வந்திருந்தேன், அதனால் கேட்கவில்லை.

அவள் தினமும் வந்தாள், கேட்டாள், போனாள், நான் பீரோவிலிருந்து டி.சி.யை எடுத்து மேசையில் வைப்பேன், சாயங்காலம் திரும்ப உள்ளே வைப்பேன். முப்பிடாதியின் குரல் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே வந்தது. பஞ்சைத் தொண்டையில் வைத்துக்கொண்டு பேசுகிறவள் போல இருந்தது, பின்னாலேயே இருமலும் வந்தது. சண்முகத்தாய் மரத்தடியில் நின்றபடி தன் தொண்டையைத் தடவிக்கொள்வாள். பதினோராம் தேதி குரல் சட்டென்று தெளிந்துவிட்டது. கணீரென்று, "உள்ளேன் ஐயா." மரத்தடியில் இருந்தவர்கள் எல்லாம் சண்முகத்தாயைப் பார்த்தார்கள், அவளுக்காகச் சந்தோஷப்பட்டார்கள். சண்முகத்தாய் மட்டும் அசையாமல் நின்றாள். மறுநாளும் கணீர். அதற்கு மறுநாளும் கணீர். அந்த மூன்றாம் நாள் குரலைக் கேட்டதும் அவள் வேலைக்குப் போகாமல் நேராக என் அறைக்கு வந்தாள், பெயர்களை வாசித்து முடித்த கையோடு பதிவேட்டை எடுத்துக்கொண்டு கோமதிநாயகம் சாரும் வந்தார். அவர் முகம் சரியில்லை.

"அது எம் மக இல்ல சார்," என்றாள் சண்முகத்தாய்.

நான் பேனாவை மூடி வைத்தேன்.

"எம் மகளுக்குச் சிரிப்பு பேச்சுக்குப் பொறத்தாலதான் வரும். இவ முன்னாலயே சிரிச்சிட்டுச் சொல்லுதா."

கோமதிநாயகம் சார் பதிவேட்டை என் மேசைமேல் வைத்தார். "வேல்கனி," என்றார். "ப்ளஸ் ஒன்லயே புடிச்சிருக்கேன். முப்பிடாதி லேட்டா வந்தா இவ அவளுக்கும் சேத்துச் சொல்லுவா. சிரிப்பைத் தப்பான இடத்துல வைப்பா, மாட்டிக்குவா. முந்தாநாளே எனக்குத் தெரிஞ்சிது. சொல்லத் தைரியம் வரல."

சண்முகத்தாய் என் ஜன்னல் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூன்று நாளாகத் தன் மகள் வாய் திறக்க முடியாமல் எங்கேயோ கிடக்கிறாள், இன்னொரு வீட்டுப் பிள்ளை அவளை இருக்கிறதாகக் காட்டிக்கொண்டிருக்கிறது, அதைக் கேட்கத்தான் தான் இங்கே வந்து நிற்கிறோம் என்பது அவளுக்கு அப்போது முழுக்க விளங்கியது. எனக்கும் விளங்கியது. அந்த நேரத்தில் என்னையே எனக்குப் பிடிக்கவில்லை.

"எங்க கையெழுத்துப் போடணும்?" என்றாள்.

டி.சி.யை நீட்டினேன். போடுவதற்கு முன்னால் வாசிக்கச் சொன்னாள். வாசித்தேன். பெயர், தகப்பனார் பெயர், பிறந்த தேதி, அங்க அடையாளம் இடது முழங்கையில் ஒரு தழும்பு. "அது மூணாப்பு படிக்கையில சோத்துக் கஞ்சி பட்டது," என்றாள். நடத்தை நன்று. பள்ளியை விட்டு நீங்கிய காரணம், படிப்பு முடிந்தது. அந்த வரியை இன்னொரு தடவை வாசிக்கச் சொன்னாள், இன்னொரு தடவை வாசித்தேன். பிறகு பேனாவை வாங்கி, எழுத்துக் கூட்டி, பெயரை முழுசாக எழுதினாள்.

அன்று மத்தியான பஸ்ஸிலேயே மேற்கே போனாள். அங்கே நடந்ததை அவள் திரும்பி வந்துதான் சொன்னாள். மில் கேட்டில் காவல்காரன் ஞாயிற்றுக்கிழமை வா என்றிருக்கிறான், இவள் கடிதத்தையும் டி.சி.யையும் அவன் முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டு வெயிலில் மூன்று மணி நேரம் நின்றிருக்கிறாள், கடைசியில் விட்டிருக்கிறார்கள். விடுதிக் கட்டிலில் முப்பிடாதி காய்ச்சலில் கிடந்தாள். தொண்டை அடைத்துப் போய்ச் சத்தமே வரவில்லை, அம்மாவைப் பார்த்ததும் உதடு மட்டும் அசைந்தது. பக்கத்தில் வேல்கனி ஈரத்துணியோடு உட்கார்ந்திருந்தாள்.

"ஏன் தாயி அப்படிச் செஞ்ச?" என்று சண்முகத்தாய் அவளைக் கேட்டிருக்கிறாள்.

"தெனமும் ஒம்பதரைக்கு யாரோ பேரு கூப்பிடுதாவ அத்தே. மிசின் சத்தத்துலயும் கேக்கும், வாய் தானா பதில் சொல்லீரும். இவளால சொல்ல முடியல. ஆப்சென்ட் விழுந்துருமேன்னு நான் சொன்னேன்."

"நாங்க எல்லாரும் ஜன்னலோரம் நின்னு கேட்டுக்கிட்டுத்தான் இருந்தோம்."

வேல்கனி துணியைப் பிழிந்து முப்பிடாதியின் நெற்றியில் போட்டாளாம். "எனக்கு யாரு வந்து கேக்கா அத்தே?" என்றாளாம்.

மூன்று மாதமாக முப்பிடாதிக்கு அடுத்து வரும் வேல்கனியின் பெயரைச் சண்முகத்தாய் ஒரு நாளும் நின்று கேட்டதில்லை, தன் மகளின் குரலைக் கேட்டதுமே வேலைக்கு நேரமாகிவிட்டதென்று திரும்பி நடந்துவிடுவாள். வேல்கனியையும் அனுப்பச் சொல்லிக் கேட்டுப் பார்த்தாள், தகப்பன் வந்து கையெழுத்துப் போட்டால் அனுப்புகிறோம் என்றார்கள். மகளை மட்டும் தோளில் சாய்த்துக்கொண்டு வந்தாள். கேட் வரைக்கும் வந்த வேல்கனி தன் துப்பட்டாவைக் கழற்றி முப்பிடாதியின் கழுத்தில் சுற்றிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனாள் என்று சொல்லும்போது சண்முகத்தாய் அழுதுவிட்டாள்.

நான்கு நாள் ஆஸ்பத்திரியில் வைத்திருந்து, இருபதாம் தேதி கோமதிநாயகம் சாரும் கூடப் போய், முப்பிடாதியைத் திருநெல்வேலியில் சேர்த்துவிட்டு வந்தார்கள். குரல் பாதிதான் திரும்பியிருந்தது. சேர்க்கை மேசையில் பெயர் கேட்டபோது சொல்லிவிட்டு, கடைசியில் மூக்கால் சின்னதாகச் சிரித்தாள் என்று சார் என்னிடம் தனியாகச் சொன்னார்.

இருபத்தியோராம் தேதி காலை ஒன்பது இருபதுக்குச் சண்முகத்தாய் வேப்பமரத்தடியில் நின்றாள். இனி உனக்கு இங்கே என்ன வேலை என்று யாரும் கேட்கவில்லை, அன்று ஒருநாள் மட்டும் வந்திருப்பாள் என்று நினைத்தோம். டீக்கடை ரேடியோ நின்றது. நானும் போய் ஜன்னலோரம் நின்றேன். சார் வாசித்துக்கொண்டே வந்தார், கருத்தப்பாண்டி குதித்தான், இசக்கிராஜா எங்கோ மழையில் இருந்தான், ஜெபக்கனியின் குரல் கொஞ்சம் ஏறியிருந்தது. அடுத்து முப்பிடாதி. தாண்டிப் போக வேண்டிய பெயர்தான், ஆனால் வாய் பழகியதால் சார் வாசித்துவிட்டார். வாசித்துவிட்டு நிறுத்தினார்.

நான்காம் பெஞ்சில் கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை. பிறகு முன்னாலேயே ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு ஒரு குரல், "உள்ளேன் ஐயா," என்றது.

புதுப் பிள்ளைகள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார்கள். சார் பேனாவைக் கையில் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தார்.

"அவ போயிட்டா சார்," என்றாள் சண்முகத்தாய். கம்பியைப் பிடித்துக்கொண்டு நிதானமாகச் சொன்னாள். "ஆப்சென்ட் போடாதீய. படிக்கப் போயிட்டான்னு எழுதுங்க."

சார் மேசை டிராயரைத் திறந்து சிவப்புப் பேனாவை எடுத்தார், அளவுகோலை வைத்து, முப்பிடாதி பெயரின்மேல் ஒரு கோடு போட்டார். கோடு போடுகிற சத்தம் வெளியே நின்ற எங்களுக்கும் கேட்டது. மரத்தடியில் இருந்தவர்கள் சண்முகத்தாய் கிளம்பிவிடுவாள் என்று வழி விட்டார்கள். அவள் கிளம்பவில்லை. கம்பியை விடாமல் நின்றாள்.

"வேல்கனி," என்று வாசித்தார் சார்.

பதில் வரத் தாமதமானது. இரண்டாம் தடவை அவர் வாயெடுக்கும்போது, நான்காம் பெஞ்சின் ஓரத்திலிருந்து, மிசின் சத்தத்துக்கு நடுவே, சிரிப்பே இல்லாமல், சின்னதாக வந்தது.

"உள்ளேன் ஐயா."

"நான் கேட்டுட்டேன் தாயி," என்றாள் சண்முகத்தாய். அதற்குப் பதில் வராது என்று அவளுக்குத் தெரியும். சொல்லிவிட்டு, முந்தானையை உதறிச் செருகிக்கொண்டு, "நாளைக்கும் வாரேன்," என்று அந்தப் பெஞ்சைப் பார்த்துச் சொன்னாள். பிறகு என் பக்கம் திரும்பி, வேல்கனியின் அப்பா கேரளாவில் எந்த ஊரில் கிணறு வெட்டுகிறார் என்று கேட்டாள். நான் உள்ளே போய், சேர்க்கைப் பதிவேட்டை எடுத்து, அதில் குறித்திருந்த கேரள விலாசத்தை ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன்.